தோள் கணக்கு

திருச்சியிலிருந்து வந்த மேலாளர்
சுவரில் ஒளியடித்துக் காட்டினார்:
கைப்பேசி நீலம், துணி சிவப்பு, மளிகை பச்சை.
எட்டு வருஷக் கோடுகள்
ஒன்றையொன்று தாண்டிப் போயின.
எனக்கு அதெல்லாம் தோளில் இருக்கிறது.

முதல் வருஷம் பை காற்று மாதிரி.
நாளைக்கு ஆறு பெட்டி, ஆறும் செல்போன்.
நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடிக் கிடக்கையில்
வண்டியை அணைத்துவிட்டு
முதுகிலிருப்பது என் எத்தனை மாதச் சம்பளமென்று கூட்டுவேன்.
செல்போன் கடை காஜா மைதீன்
என் முகத்தைப் பார்க்காமல் பையைப் பார்ப்பார்.

அப்புறம் துணி வந்தது.
மடித்துப் போனது மடித்தே திரும்பும்.
கை இறுக்கம், கலர் வேற,
"படத்துல இருந்தது இதில்லைங்க."
போகும்போதும் வரும்போதும் ஒரே எடை;
ஆனாலும் சிவப்புக் கோடு ஏறியதாம்.
புயலடித்த கார்த்திகையில் மட்டும்
தார்ப்பாய், பேட்டரி, எமர்ஜென்சி விளக்கு.
ஒருத்தரும் ஒன்றையும் திருப்பவில்லை.

ஊரடங்கில்தான் முதுகு பிடித்துக்கொண்டது.
எண்ணெய், சோப்பு, சர்க்கரை மாத்திரை.
பூவனூர் ரோட்டில் பாதியை அடைத்துக் காயும் நெல்மேல்
ஏறாமல் ஓரமாக ஓட்டிப் போய்
அந்த நெல்லுக்குக் காவலிருந்த அமிர்தவல்லியிடமே
கொடுத்தேன், பாஸ்மதி, ஐந்து கிலோ.
"பிரியாணிக்கு" என்றாள்.
நான் ஒன்றும் கேட்கவேயில்லை.

சுவரில் தெரியாத கோடும் உண்டு.
கொள்முதல் பணம் ஏறிய வாரம்
மிக்சியும் மின்விசிறியும் வரும்.
ஏறாத வாரம், கேட்டுக்கு உள்ளிருந்தே
"நாளைக்கு வாங்க தம்பி."
மீன் இன்னும் வரவில்லை. வாழை இலையும்.
நகை ஒருமுறை வந்தது; கவரிங்.

ஜவுளிக்கடை நாகரத்தினம்
தனக்கு வாங்கும் சட்டையைக்
"கடைக்குக் கொண்டாராதே, வீட்டுல குடு" என்பார்.
போன ஐப்பசியில் அவருக்கு ஒரு மூட்டை:
ஐநூறு பிளாஸ்டிக் உறை, ஒட்டுகிற டேப்பு.
இப்போது வெறும் பையோடு போய்
அவரிடம் நிரப்பிக்கொள்கிறேன்.
நைட்டி, உள்பாவாடை;
ஓசூருக்கு, உடுப்பிக்கு,
ஊர்ப்பெயர் வாயில் நுழையாத ஓரிடத்துக்கு.
இதற்கென்ன நிறமென்று மேலாளரைக் கேட்கவில்லை.

நேற்று அவருக்கு முதல் ரிட்டர்ன்.
நீட்டும்போது எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.
பிரித்தார். உதறினார். மூக்கருகே கொண்டுபோனார்.
"போட்டுப் பாத்திருக்காங்கய்யா,
பவுடர் வாசம்" என்றார்,
எதிர்க்கடைக்குக் கேட்கிற சத்தத்தில்.