ஊசி தொடாத கூரை

கிண்ணியாவில் நவ்ஷாத் நானாவின் பழைய இரும்புக் கடை,
பின்வளவில் மூடிய பெட்டியாய்க் கிடந்தது.
"வெளிநாட்டுக்காரர் விட்டுட்டுப் போனது.
கைபிடியைச் சுத்துங்க, வீடாகும்" என்றார்.
சுற்றினோம்.
பாதியில் முனகி நின்று
ஒரு தோளை மட்டும் உயர்த்தியது,
விடை தெரியாமல் கைதூக்கும் பிள்ளைபோல.
உள்ளே எலிக்குடும்பம். பூஞ்சணம் பிடித்த கன்வஸ்.
அறுபத்தையாயிரம் கேட்டார்.
காற்றில்லாத இரண்டு சில்லையும் காட்டினேன்.
நாற்பத்திரண்டுக்கு வந்தார்.

லாண்ட்மாஸ்டரில் கொழுவிக் கிண்ணியாப் பாலத்தால் இழுத்தோம்.
பின்னால் வந்த பஸ்காரன்
ஹோர்ன் அடித்தே களைத்துப்போனான்.

பாலையூற்று வளவில் நிறுத்தியதும் சதாகரன் சொன்னான்:
"சீலை வேலை உனக்கு லேசுதானே.
ஏழு வருசம் காமண்ட்ஸில இருந்தனி."

வலது சுட்டுவிரலைக் காட்டினேன்.
நகத்தின் நடுவே ஒரு வெள்ளைக் கோடு.
மணிக்குத் தொண்ணூறு கொலர்.
மூத்திரத்துக்கும் ஒரு ரோக்கன்.
கடைசி நாள் மெசினை நிறுத்தும்போது
நான் சத்தியம் எதுவும் செய்யவில்லை.
கைதான் செய்தது.

ஆகவே, பசை.
சைக்கிள் கடை ரவிராஜிடம்
ஒரு பெட்டி பஞ்சர் ஒட்டும் சொலூசனும்.
கிழிசல் ஒவ்வொன்றையும் ரியூப்பென்று நினைத்து
அரத்தால் சுரண்டி, ஊதி, பத்து எண்ணி அமத்தினேன்.
கன்வஸுக்கு அம்மை போட்டதுபோல இருந்தது.
மெத்தைக்குப் பழைய பஞ்சணை, மேலே பூச்சீலை,
அடியில் பலகையோடு மடித்து
டப், டப் என்று பின் அடித்தேன்.
இரவல் துவக்கு; பின் மட்டும் நம் காசு.
தரைக்குப் போன தேர்தலின் பனர்,
ஐயாவின் சிரிப்பைக் கீழ்ப்பக்கம் திருப்பி.
இருந்தும் ஓர் ஓரத்தில்
கும்பிடும் விரல்நுனிகள் தெரிகின்றன.
திரைக்கு இரண்டு சாரம்,
உடுப்புக் கொழுவும் கிளிப்பில் தொங்குகிறது.

மரியநேசன் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து,
"வலை பொத்துற ஊசி தரட்டா?
ஒரு பின்னேரத்தில முடிச்சிடலாம்" என்றார்.
"அதுவும் ஊசிதானே அண்ணன்" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
என் விரலைப் பார்த்துவிட்டு
மீன் இரண்டு தந்துவிட்டுப் போனார்.

கொப்பியில் கூட்டிப் பார்த்தேன்:
அறுபத்தொன்பதாயிரத்து நானூறு.
வைகாசியில் திமிங்கிலம் பார்க்க வருகிறவர்கள்
பதினைந்து இரவு படுத்தால்
போட்ட காசு வந்துவிடும்.
அதற்கு முதல் ஓர் இரவு நாங்கள் படுப்போம் என்று
நிலாவெளிக்குக் கொண்டுபோனோம்.
ஐப்பசி. வேறு யாருமில்லை.
நாய்கள், நண்டுகள், கடற்படைக் காவலின் ஒற்றை விளக்கு.

ஒன்பதரைக்கு மழை பிடித்தது.
முதலில் சொட்டு, பிறகு சீலை முழுக்க அறை.
சதாகரன் குறட்டை விட்டான்.
நான் ரோர்ச் அடித்து
என் ஒட்டுகளை ஒவ்வொன்றாய் விசாரித்தேன்.
ஏழாவது கைவிட்டது.
பன்னிரண்டாவதும்.
பால்மாப் பேணியை வைத்தேன்: டிங்.
சட்டியை வைத்தேன்: டொங்.

ஆனால் கூரையின் நடு மூட்டு,
முப்பது வருசத்துக்கு முந்திய தையல்,
காய்ந்து கிடந்தது.
விரலால் தடவினேன்.
இரட்டை மடிப்பு, இரட்டை வரி,
அங்குலத்துக்கு எட்டு.
ஒரே ஓரிடத்தில் வரி சற்று வளைந்திருந்தது;
மேற்பார்வைக்காரி கூப்பிட்டிருப்பாள்,
அல்லது இவள் யன்னலைப் பார்த்திருப்பாள்.
மூலையில் துணித்துண்டு, மங்கிய மையில்: 14.

எனக்கு அங்கே 206.

அவளுக்கும் ரோக்கன் இருந்ததா, தெரியாது.
எந்த நாடென்றும் தெரியாது.
அவள் மூட்டுக்குக் கீழே
தலையணையை நகர்த்திப் படுத்தேன்.
பேணி நிரம்பியது. எழும்பி ஊற்றினேன்.
நாளைக்கு ரவிராஜிடம்
இன்னும் இரண்டு ஒட்டு வாங்க வேண்டும்,
பெரியது.