மடிந்த காது

நான் வரையும் நாய்க்கு
என் பெயர் தெரியாது.
குடற்புழு மருந்தின் காகிதத்தில்
எட்டாக மடிந்து
ரொசாரியோவிலிருந்து ஊர் ஊராகப் போகிறது அது.
பின்னங்காலடியில் சின்னதாய்க் கையெழுத்துப் போட்டுக்கொள்ளவா என்றேன்;
இடமில்லை என்றது கம்பெனி.

பகலில் நாய், பூனை, மாட்டின் நான்கு இரைப்பை.
இரவில் எனக்கே எனக்காக
பரானா ஆற்று மீன்கள்.
அவற்றைப் பார்த்தவர்கள் இதுவரை இரண்டே பேர்:
வாடகை வாங்க வந்தவர்,
குழாய் பழுது பார்க்க வந்தவர்.
குழாய்க்காரர்தான் கொஞ்சம் நின்று பார்த்தார்.

இத்தனை பெரிய நகரத்தில்
கோடு இழுத்துப் பிழைப்பவர்கள்
ஒரு பேருந்து நிறையவாவது இருக்கமாட்டார்களா என்று
ஒரு மழை நாளில் கணக்குப் போட்டேன்.
பேக்கரியில் ஒட்டினேன், மருந்துக்கடையில் ஒட்டினேன்,
நனையாத பக்கமாகப் பார்த்து நிறுத்தத்தில் ஒட்டினேன்:
படம் வரைகிறவர்களா?
செவ்வாய் மாலை ஏழு. பழைய சலவைக்கடை.
மேசை உண்டு. பேச்சு கட்டாயமில்லை.

முதல் செவ்வாய், மேசையும் நானும்.
இரண்டாம் செவ்வாய் ஒருவர் வந்தார்,
மேசை என்ன விலை என்றார்.
மூன்றாம் செவ்வாய் சுலேமா ரக்கா.
நீதிமன்றத்தில் கூண்டில் நிற்பவர்களை வரைபவள்.
எதிரே உட்கார்ந்ததும்
கண்ணாலேயே என் தாடையை அளந்துவிட்டாள்.
பிறகு பள்ளி முடித்த இரண்டு பையன்கள்,
பரீட்சைத்தாளை மறைப்பது மாதிரி
கையால் பொத்திக்கொண்டே வரைவார்கள்.
கடைசியாக நசரேனோ,
ஏணியை வாசலில் சாத்திவிட்டு.
இறைச்சிக்கடை, டயர்க்கடை, சவப்பெட்டிக்கடை,
எந்தச் சுவரானாலும் எழுதுவானாம்.

மாத்தே குவளை சுற்றி வந்தது.
உறிஞ்சும் சத்தம் மட்டும்.
கலைஞர் என்ற சொல்லை
யார் முதலில் எடுப்பது என்று
எல்லோருக்கும் கூச்சம்.

ஒன்பதுக்கு மின்சாரம் போனது.
ஜனவரியில் போவது வழக்கம்தான்.
முகம் தெரியாததும் வாய் கொஞ்சம் திறந்தது.
நசரேனோ கைப்பேசியில்
தன் சுவர்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினான்.
ஏழாவது சுவரில்
என் நாய்.

ஆளுயரம். மஞ்சள்.
கால்நடை வைத்தியரின் சுவர், எனக்குத் தெரியும்.
மூன்று வருடமாக அந்தத் தெருவே வேண்டாமென்று
இரண்டு தெரு சுற்றி வீட்டுக்குப் போகிறேன்.
திருடன் கையில் கிடைத்தால் என்ன கேட்பதென்று
வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருக்கிறேன்.

“இது என்னுடையது” என்றேன்.
ஒத்திகையில் வந்த குரல் வரவில்லை.

“நீயா!” என்றான்.
மன்னிப்புக் கேட்கிற முகமில்லை,
தொலைத்த சாவி கிடைத்த முகம்.
“காகிதத்தை இரண்டு பக்கமும் பார்த்தேன், பெயரே இல்லை.
அந்த வாலை யார் போட்டதென்று வைத்தியரைக் கேட்டேன்.
கம்பெனிக்குப் போன் போட்டேன்,
குடற்புழுவுக்கு ஒன்றை அழுத்து என்றது.”

சுலேமா சிரித்தாள்.
இருட்டில் பையன்களும் சிரித்தார்கள்,
கை எடுத்துவிட்டார்களா தெரியவில்லை.

“காதை ஏன் மடித்தாய்?”
அதுதான் என் உண்மையான வழக்கு.
என் நாய்க்கு இரண்டு காதும் விறைத்து நிற்கும்,
கம்பெனி கேட்டபடி.

“அந்த இடத்தில் ஒரு குழாய் இருந்தது” என்றான்.

அன்று நேர்வழியில் வீட்டுக்குப் போனேன்.
தெருவிளக்கு இன்னும் வரவில்லை.
யாரோ கூப்பிட்டது போலவும்
போகலாமா என்று அது யோசிப்பது போலவும்
அந்த ஒற்றைக் காது.
ஒப்புக்கொள்ள வலித்தது.
நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த செவ்வாய் மீன்களை எடுத்துப் போனேன்.
பையன்களில் ஒருவன் குனிந்து பார்த்தான்:
“கண் திறந்திருக்கிறதே,
தூங்குகிறதா, செத்துவிட்டதா?”

எட்டு வருடத்தில்
என் மீனைப் பற்றி ஒருவர் கேட்ட முதல் கேள்வி.
எனக்கே தெரியவில்லை.
அவன் பென்சிலை
என் பக்கம் உருட்டிவிட்டான்.