கிழிசலுக்கு ஏழு யூரோ

கடைக் கண்ணாடியில் ஒரு பச்சை வட்டம்
ஒட்டச் சொன்னார்கள்.
குமிழி விழாமல் ஒட்ட
மூன்று தரம் உரித்தேன்.
ரூபே நகரம், லன்னுவா வீதி,
மருந்துக்கடைக்கும் கெபாப் கடைக்கும் நடுவில்
ஒன்றரை ஆள் அகலம் என் கடை.

பட்டியல் மெஷினுக்கு மேலே தொங்குகிறது.
பொத்தலுக்கு ஏழு யூரோ.
ஸிப்புக்கு, விட்டுப்போன தையலுக்கு, உள்துணிக்கு
ஒவ்வொரு தொகை.
நான் பில்லில் கழித்துவிட வேண்டும்,
எனக்குப் பிறகு வந்து சேரும்.
பிறகு என்பது
இந்த நாட்டில் மிக நீண்ட சொல்.

தைக்க முதல் ஒரு படம்.
தைத்த பின் ஒரு படம்.
கீழே சின்ன எழுத்தில்:
நீளம் குறைத்தல் சேராது.
இடுப்புத் தளர்த்தல் சேராது.
அதாவது,
உடுப்புக் கிழிந்தால் நாடு வரும்.
நீ மெலிந்தால், பெருத்தால்,
அது உன் பாடு.

யூபா கொண்டுவந்தது
இரண்டு முழங்காலும் வாய் பிளந்த ஜீன்ஸ்.
வாங்கும்போதே அப்படித்தானாம்.
திங்கட்கிழமை நேர்முகத் தேர்வு, மூடித் தா என்றான்.
தொண்ணூறு யூரோ கொடுத்து வாங்கிய கிழிசல்.
எங்கோ ஓர் ஆலையில் யாரோ
அளவெடுத்துத் தேய்த்திருக்கிறார்கள்,
இடமும் வலமும் ஒரு நூல் பிசகாமல்.
இது பழுதா, அழகா?
அதைக் கேட்கப் படிவத்தில் கட்டம் இல்லை.
பொத்தல் என்பதற்கு நேரே
புள்ளடி போட்டேன்.
இரண்டு புள்ளடி.

மதாம் வெர்மேஷ் கொண்டுவந்தது ஒரு மேலங்கி.
கனத்த கம்பளி, கருநீலம்,
கணவர் போட்டிருந்தது.
போட்டிருந்தது என்ற சொல்லைச் சொல்லிவிட்டு
கையுறையைக் கழற்றினார், திரும்பப் போட்டார்.
தோளை ஒடுக்கி, கையைக் குறைத்து
தனக்கு ஆக்கித் தர வேண்டும்.
நாற்பத்தாறு யூரோ.
வாசலில் ஒட்டியிருக்கும் அந்தக் கழிவு?
இது பழுது இல்லை, மதாம், மாற்றம்.
பழுது இல்லை, என்று தானும் ஒரு தரம் சொன்னார்.

எனக்குப் பொறுக்கவில்லை.
அங்கியைக் கவிழ்த்தேன், விரித்தேன்,
சுங்க அதிகாரி மாதிரித் தடவினேன்.
வலது பொக்கற்றில் விரல் வழுக்கி
அந்தப் பக்கம் போனது.
இருக்கிறது மதாம், பொத்தல் இருக்கிறது,
ஏழு யூரோ குறையும்!

தன் விரலை விட்டுப் பார்த்தார்.
திறப்புக் கோர்வை, என்றார்.
முப்பது வருஷம் ஒரே பொக்கற்றில்.
எத்தனை தரம் சொல்லியிருப்பேன்.
பிறகு,
அதை மட்டும் தைக்காதே.

நாடு காசு கொடுக்கத் தயாராயிருந்த
ஒரே இடம் அது.
நாற்பத்தாறையும் எண்ணி வைத்துவிட்டு
மழைக்குள் போனார்.

மார்ச் மாதம் திரும்ப வந்தார்.
நடக்கும்போது அங்கி கிலுங்கியது.
பொத்தலால் இறங்கிய சில்லறை எல்லாம்
கீழ் மடிப்பில் போய்ப் படுத்திருந்தது.
எடுத்துத் தா.
அப்படியென்றால் பொத்தலை?
அது அப்படியே இருக்கட்டும்.

மடிப்புத் தையலை
நானே, என் கத்தரியால், ஒரு சாண் பிரித்தேன்.
மூன்று யூரோ இருபது சதம்,
சுப்பர்மார்க்கெட் வண்டிக்குப் போடும் பிளாஸ்டிக் வில்லை ஒன்று,
அவர் வாங்கிய இருமல் மிட்டாயின் தாள்.
தாளை மதாம் எடுத்துக்கொண்டார்.
வில்லையை என்னிடம் விட்டார்.

பிறகு ஃபோனை எடுத்து
பிரிந்து கிடந்த மடிப்பைப் படம் பிடித்தேன்.
முதல் படம்.
தைத்தேன்.
இரண்டாம் படம்.
பழுதின் வகை: தையல் விட்டுப்போனது.
காரணம் கேட்டிருந்தார்கள்.
நாள்பட்ட பாவனை என்று எழுதினேன்.

இன்னும் காசு வரவில்லை.
கேட்டு எழுதவும் இல்லை.