நிகர எடை

சிப்காட் தாண்டி, சிதம்பரம் சாலையில்
எடைமேடைக் கூண்டுக்குள் எனக்கு இரவு வேலை.
லாரி சரக்கோடு ஏறும்போது ஒரு எண்,
கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஒரு எண்,
கழித்து வருவதற்குத்தான் காசு.
உப்பு, முந்திரிக்கொட்டை,
பேர் சொல்லக் கூடாத நீலப் பீப்பாய்கள்;
இந்தப் பக்கம் நகர்கிற எல்லாவற்றின் கனமும்
என் விரல் வழியாகத்தான் சீட்டில் ஏறும்.
முதலாளி பழைய ஆள். எடை என்று போடமாட்டார்,
'பொருள்' என்று ஒரு கட்டம், 'நிறை' என்று ஒரு கட்டம்.

ஆடி மூன்றாம் வெள்ளி, மணி பதினொன்றரை.
சாக்கடைக்குத் தோண்டிய பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு
சீரியல் விளக்கு மினுக்க
ஒரு குட்டியானை வண்டி மேடைமேல் ஏறி
நின்றுவிட்டது.
உள்ளே பச்சைவாழியம்மன். வீதியுலா.
செங்கேணி சாவியைத் திருகினான்.
இஞ்சின் இருமியது, அவ்வளவுதான்.

பழக்கதோஷம், திரையைப் பார்த்தேன்:
ஆயிரத்து அறுநூற்று இருபது.
பம்பைக்காரர் மூவரும் பீடி பற்றவைக்க ஓரம் போனார்கள்,
ஆயிரத்து முந்நூற்றுத் தொண்ணூறு.
ஜெனரேட்டர், வாழைமரம்,
அதில் சாய்ந்து தூங்கிய இரண்டு பிள்ளைகள்
ஒவ்வொன்றாக வெளியேற ஆயிரத்து இருநூற்று ஐம்பது.
கடைசியில் பூசாரி கலியபெருமாள்
அவளைத் தூக்கிக்கொண்டு மேடையை விட்டு இறங்கினார்.
அறுபது குறைந்தது.

தரையெல்லாம் சேறு. வைக்க இடமில்லை.
"குளிச்சாச்சா?" என்றார்.
"காலையில. அப்புறம் நூறு லாரிப் புழுதி."
"அவளும் புழுதியிலதான் வர்றா" என்று
ஜன்னல் வழியே நீட்டினார்,
நெரிசல் பஸ்ஸில் நிற்பவள்
உட்கார்ந்திருப்பவள் மடியில்
பிள்ளையைப் போடுகிற மாதிரி.

வண்டி தள்ள, வெறுங்கையோடு அவர் திரும்பி ஏறினார்.
அதே அறுபது கூடியது.

அதிசயம் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.
என் மேடைக்குப் பத்துக் கிலோவுக்குக் கீழே கண் தெரியாது.
நகை, பட்டு, எலுமிச்சை மாலை எல்லாம் சேர்த்து
நாலு கிலோ இருந்தால் அதிகம்.
எனக்குத் தெரியும், என் தொடை மரத்துப் போனது.

மஞ்சள் வாசனை. கற்பூரச் சூடு ஆறாத உலோகம்.
மாலையிலிருந்து ஒரு எலுமிச்சை என் விலாவில் அழுந்தியது.
கேட்க வேண்டியவை கைவசம் இருந்தன:
குழுக்கடனில் பாக்கி ஒன்பது தவணை,
குவைத்திலிருந்து வராத ஃபோன்,
வலது முட்டி.
அடுத்தவள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு
பிள்ளையிடமா கடன் கேட்பது?
சீட்டுக்கட்டால் விசிறிக் கொசு ஓட்டினேன்.
மாலையை நகர்த்தி, கழுத்தில் வேர்த்த இடத்தைத் துடைத்தேன்
(வேர்த்தது என் கையாக இருக்கலாம்).
"சாப்பிட்டு நேரமாச்சா?" என்று கேட்டேன்.
பதில் வந்ததா, தெரியாது.
டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை,
வயிறு நிறைந்துவிட்டது எனக்கு.

வண்டி ஓட ஆரம்பித்ததும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.
பம்பை உப்பனாறு வரைக்கும் கேட்டது.
பிறகு கடல்காற்று, அதில் வழக்கமான அமில நெடி.
மேடை காலி. விரல் தானாகப் பொத்தானை அழுத்த
இயந்திரம் ஒரு சீட்டைத் துப்பியது.
பொருள் கட்டத்தில் ஒன்றும் இல்லை.
நிறை கட்டத்தில் ஒரு சுழி,
முழு வட்டமாக, மை கொஞ்சம் பரவி.

ஒன்பது தவணையும் அப்படியேதான் இருக்கிறது.
முட்டியும்.
சோறு வடிக்கும்போது தனியாகச் சிரிக்கிறேனாம்,
ஒரு வாரமாக நாத்தனார் அஞ்சலாட்சிக்குச் சந்தேகம்:
"என்னடி, சீட்டு எடுத்துட்டியா?
எங்கிட்ட மறைக்கிறியா?"

எடுத்திருக்கிறேன்.
நான்காய் மடித்து பர்ஸில் வைத்திருக்கிறேன்.
முதலாளி கணக்குக்கு நாற்பது ரூபாய்
நானே கட்டிவிட்டேன்.