பின்சில்லு

கால் அங்குலம்தான் வழுக்கியது.
கட்டியின் விளிம்பில் நின்ற பின்சில்லு
கால் அங்குலம் பின்னுக்குப் போக
நான் முழுதாய்க் கீழே கிடந்தேன்.
பெடலின் பல்லு
கணைக்காலில் நாலு புள்ளி வைத்திருந்தது.

குருநகர்க் கரையில் அலைக்குப் போட்ட
கொங்கிறீற் கட்டிகளுக்கு
இலக்கம் வைத்திருக்கிறேன்.
ஒன்று, இரண்டு, மூன்று ஏறலாம்.
பிறகொரு வெளி. கீழே பாசி, நண்டு, போத்தல் ஓடு.
அப்பால் நாலாவது, இடுப்பளவு.
வைகாசியிலிருந்து
அது என்னை ஏற்கவில்லை.

"சீற்றை ஆரும் களவெடுத்துப்போட்டாங்களோ, பிள்ளை?"
மீன் ஏலத்துக்கு வந்தவர் கேட்டார்.
இந்தச் சைக்கிளுக்குச் சீற் இல்லை அண்ணை,
இதில் இருக்கிறதில்லை, நிற்கிறதுதான்
என்று சொன்னேன்.
நம்பவில்லை. போகும்போதும்
திரும்பித் திரும்பிச் சீற்றைத் தேடினார்.

முதலில் வயரைச் சந்தேகித்தேன். மாற்றினேன்.
பிறகு கட்டை.
முகம் கண்ணாடியாய் மினுங்கியது,
அரத்தாளில் தேய்த்து வெட்கம் கெடுத்தேன்.
பிறகுதான் தெரிந்தது:
சங்கிலிக்கு எண்ணெய் விட்ட தம்பி ஜெனுஷன்
அன்பு மிகுந்து
றிம்முக்கும் இரண்டு துளி விட்டிருக்கிறான்.

வேலை செய்வது ஆஸ்பத்திரி வீதி மருந்துக்கடையில்.
ஊசி போடும் இடத்தைத் துடைக்கும் ஸ்பிரிற்றால்
றிம்மைச் சுற்றித் துடைத்தேன்.
பஞ்சு கறுத்தது, கறுத்தது, பிறகு வெளுத்தது.
அப்போதும் வழுக்கியது,
இப்போது சுத்தமாக.

கடற்கரை வீதிக்குத் தார் ஊற்றிய நாள்
கட்டிபட்ட ஒரு துண்டைப் பொறுக்கிவந்து
றிம்மில் கோடு கோடாய் உரசினேன்.
மத்தியான வெயிலில் அட்டைபோல் ஒட்டியது.
மாலையில் தூறல்.
தூறலுக்குத் தார் சவர்க்காரம்.
மறு கணைக்காலிலும் நாலு புள்ளி.

படகுக்குப் பைபர் ஒட்டும் எமிலியனிடம்
கிறைண்டர் கேட்டேன்.
தந்தான். செய்ய மாட்டேன் என்றான்.
"நல்ல றிம்மை ஆரும் காயப்படுத்துவாங்களோ?"

சில்லை மெல்லச் சுழற்றியபடி
தகட்டைத் தொட்டும் தொடாமல்,
சாய்வாய் ஒரு சுற்று,
எதிர்ச்சாய்வாய் இன்னொன்று.
ஆழப் போனால் அலுமினியச் சுவர் மெலியும்,
ஒருநாள் ரயரோடு வெடிக்கும்.
மூச்சைப் பிடித்துக்கொண்டேன்,
பச்சைக்குழந்தைக்கு நகம் வெட்டுவதுபோல.
இமையெல்லாம் சாம்பல் தூள்.
விரலால் தடவினேன்:
பூனை நாக்கு.

முதல்முறை லீவரை இழுத்தபோது
றிம் கத்தியது.
பாசையூர்ப் பக்கமிருந்து ஒரு நாய் பதில் சொன்னது,
பிறகு அந்த ஒழுங்கையே.
ஆனால் புதிய வருத்தம்: கட்டை பிடிக்கிறது,
சட்டத்தின் இரண்டு தண்டும்
பிடி தாங்காமல் வெளியே விரிகின்றன.
எமிலியன் பார்த்துக்கொண்டே நின்றான்.
ஒன்றும் பேசாமல் எவர்சில்வர்த் தகட்டில்
லாடம்போல் ஒன்று வெட்டி
இரு பக்கமும் சேர்த்து முறுக்கினான்.
கூலி?
"ஒரு பெட்டி பிளாஸ்ரர் கொண்டுவா, கை முழுக்க வெட்டு."

ஞாயிறு, பூசை மணி ஓய்ந்த பிறகு
மூன்றாம் கட்டியில் பின்சில்லில் நின்றேன்.
ஒற்றை விரல் லீவரில்.
முன்சில்லு காற்றைப் பிசைந்தது.
பிரேக் இருப்பது நிற்க என்றுதான்
இவ்வளவு நாளும் எண்ணியிருந்தேன்.
பூட்டிய சில்லில் மிதித்துத்தான்
உடம்பு எழும்பும் என்று
என் கால்களுக்கு இப்போதுதான் தெரிந்தது.

விட்டேன், மிதித்தேன், வெளி கீழே போனது,
இழுத்தேன்.

நாலாவதின் விளிம்பில்
பின்சில்லு வந்து குந்தியது.
அரை விரல் அகல ரயர்தான் கல்லில்.
ஒரு மயிரளவும் அசையவில்லை.
தூரத்தில் மண்டைதீவு.
காகமொன்று ஐந்தாவதில் இருந்து என்னை அளந்தது.

இறங்குவதைப் பற்றி
நான் ஒருநாளும் யோசித்திருக்கவில்லை.
விரலை விடு என்கிறேன்,
விரல் கேட்கவில்லை.

கரையிலிருந்து எமிலியன் கத்துகிறான்:
"கிறைண்டரை எப்ப தருவாய்?"