நடுநிலைச் சொற்கள்

அறிவித்தல் பலகையில் ஒட்டியிருந்தது:
உளவியல் ஆய்வுகூடத்துக்கு மாணவ உதவியாளர் நால்வர் தேவை.
தமிழைப் பிழையின்றி எழுதத் தெரிய வேண்டும்.
மோட்டார் சைக்கிள் விரும்பத்தக்கது.
நாளொன்றுக்கு ஆயிரத்து எண்ணூறு.
இரண்டாம் வருடக்காரி நான்
கடைசி வரியை மட்டும் இருமுறை வாசித்தேன்.

நேர்முகத்தில் சுபாங்கினி மிஸ் கேட்டது ஒரே கேள்வி:
எதிரே இருப்பவர் பேசாவிட்டால்
நீ எத்தனை நிமிடம் பேசாமல் இருப்பாய்?
தெரியாது என்றேன்.
எடுத்துவிட்டார்.

வவுனியா வளாகத்தின் பழைய களஞ்சிய அறைதான் கூடம்.
சுவரெல்லாம் முட்டை மட்டை, சத்தம் வராதிருக்க.
அதையும் தாண்டி மயில் கத்தும்.
ஏசி உண்டு, கணினிக்காக.

வேலை இதுதான்.
ஞாபகப் பரிசோதனைக்கு நூற்றிருபது சொற்கள்.
நாற்பது இனிப்பு, நாற்பது கசப்பு,
மிச்சம் நாற்பதும் ஒன்றுமில்லாதவை,
கேட்டால் மனம் அசையாதவை,
கதவு, வாளி, கரண்டி போல.
வெளிநாட்டுப் பட்டியல் இங்கே செல்லாது,
சனத்திடம் புள்ளி வாங்கி வாருங்கள் என்றார்.
ஒன்று மிகக் கெட்டது. ஏழு மிக நல்லது.
நாலு என்றால் சும்மா.

ரிஸ்மியாவின் தம்பியுடைய ஸ்கூட்டியில்
ஒட்டுசுட்டான் தாண்டி முத்தையன்கட்டுக்குப் போனோம்.
டப்பில் சார்ஜ் நாற்பது வீதம்.

ப-09, தையல்காரர். கதவு என்றதும் சிரித்தார்.
"எங்களிட்டக் கதவே இல்லாமல் எவ்வளவு காலம்,
இதுக்கு எப்பிடிப் பிள்ளை புள்ளி போடுறது?"
நாலு போடட்டுமா என்றேன்.
"நீர் போட்டால் அது உம்மட புள்ளி."

ப-14, வாளிக்கு ஒன்று.
காரணம் கேட்கக்கூடாது,
கைநூலில் மூன்றாம் பக்கம், தடித்த எழுத்து.
நான் கேட்கவில்லை. அவர் சொல்லவுமில்லை.
கோழி ஒன்று உள்ளே வந்து
எங்கள் மூவரையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.
மிஸ்ஸின் கேள்விக்கு அன்றைக்கு என் விடை
ஆறு நிமிடம்.

ப-22, மீன் விற்கும் அக்கா.
கசப்புப் பட்டியலில் முதற் சொல், பங்கர்.
யோசிக்காமல் ஏழு.
பிழையாய் அமத்திவிட்டாரோ என்று மறுபடி வாசித்தேன்.
மறுபடி ஏழு.
"இவன் அங்கதான் பிறந்தவன்."
டியூசன் கொப்பி தேடிக்கொண்டிருந்த மீசை அரும்பிய பெடியன்
"அம்மா, காணும்" என்றான்.
மீனுக்கு அவர் போட்டது மூன்று.

தறப்பாளுக்கு ஒரு வீட்டில் ஒன்று.
வேலிக்கு அந்தப் பக்கம் ஆறு,
நெல் காயப்போட நல்லதாம்.

எக்செல்லில் ஏற்றியபோது
சராசரி அழகாய் வந்தது. நாலு. நாலு தசம் ஒன்று.
கணினி பச்சை காட்டியது, நடுநிலை என்று.
ஒன்றையும் ஏழையும் கூட்டி
இரண்டால் பிரித்தாலும் நாலுதான்.

மிஸ் நியம விலகல் நிரலைப் பார்த்தபடி
கண்ணாடியைக் கழற்றினார்.
நாற்பதில் தேறியவை பதினொன்று:
இடுக்கி, முக்கோணம், நூல்கண்டு, அப்படி.
இன்னும் இருபத்தொன்பது வேண்டும்.
வரிசை, என்று எழுதினாள் ரிஸ்மியா.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
அவளே அழித்தாள்.

பின்னேர பஸ்ஸில் யன்னலோரம் கிடைத்தது.
கண்ணில் பட்டதையெல்லாம் கொப்பியில் குறித்தேன்.
தந்திக்கம்பம். மாடு. மைல்கல்.
மாடு வேண்டாம்.
மைல்கல்லையும் வெட்டினேன்.
மதகு.
கேட்டுப் பார்க்க வேண்டும்.