இருப்புப் பதிவேடு

ஐஸாலிலிருந்து வந்த உத்தரவு ஒரே பத்தி:
மௌதாக் மூங்கில் விதையை எடைபோட்டு வாங்கவும்.
உலர்த்தவும்.
அடுத்த ஆண்டு மழைவரை கிடங்கில் வைக்கவும்.

கையெழுத்துப் போட்டவர் அதைப் பார்த்ததில்லை.
நெல்போல் இருக்குமென்று நினைத்திருப்பார்.
மற்ற மூங்கில்களுக்கு அப்படித்தான், ஊதினால் பறக்கும்.
இது கைமுட்டி அளவு காய்.
பச்சை. நுனியில் வளைந்த மூக்கு.
கீழே நின்றால் தலையில் குட்டும்.

நாற்பத்தெட்டு வருடம் சும்மா இருந்துவிட்டு
ஒரே குளிர்காலத்தில் மலை முழுக்கப் பூத்தது.
பூவென்று சொல்ல அதில் ஒன்றுமில்லை,
துடைப்பத்தில் வைக்கோல் ஒட்டியதுபோல.
பிறகு காய்.
பிறகு கழையெல்லாம் வெளுத்து
நின்றபடியே செத்தது.

கூடைப்பட்டையை நெற்றியில் மாட்டி
மேடேறி வந்தார்கள்.
நான் எடை போட்டேன்.
பக்கத்து ஜன்னலில் வேளாண் இலாகா தாங்சுவாலா
எலிவால் எண்ணினான்.
வாலுக்கு இரண்டு ரூபாய்.
காய் தின்று பெருத்த எலி, காய் தீர்ந்தால் நெல்லுக்கு வரும்.
ஆகவே காலையில் என்னிடம் காய் விற்றவர்களே
மாலையில் அவனிடம் வால் விற்றார்கள்,
நூறு நூறாக, ரப்பர் பேண்ட் போட்டு.
ஒரு பையன் ஒரே வாலை இரண்டாக நறுக்கிக் கொண்டுவந்தான்.
அடி எது நுனி எது என்று தாங்சுவாலா புரட்டிப் பார்த்தான்,
இரண்டுக்கும் காசு கொடுத்தான்.

என் பக்கம் நானூற்றுப் பன்னிரண்டு மூட்டை.
உலர்த்தியவை சுருங்கிக் கல்லாயின.
ஒன்றை வெட்டினேன், உள்ளே பழுப்பு.
உலர்த்தாதவை
ஒன்பதாம் நாள் மூக்கை நீட்டின.
தொலைபேசியில் சொன்னேன்.
குளிர்சாதனப் பெட்டிக்குக் கோப்பு நகர்கிறது என்றார்கள்.
பதினைந்தாம் நாள்
அடிமூட்டையின் முளை மேல்மூட்டைக்குள் ஏறியிருந்தது.
இரவில் கிடங்குக்குள் சத்தம்.
எலியென்று டார்ச்சோடு போனேன்.
எலி இல்லை.
சணல், இழை இழையாக அறுந்துகொண்டிருந்தது.

எங்கள் ஊரில் ஒவ்வொரு உலைக்கும் முன்னால்
ஒரு பிடி அரிசி தேவாலயத்துக்கென்று எடுத்து வைப்போம்.
அந்த வருடம் உலைக்குப் போனது பாதி.
பிடியை யாரும் விடவில்லை.
விரல்களைக் கொஞ்சம் அகட்டி வைத்துக்கொண்டோம்,
அவ்வளவுதான்.

ஞாயிறு வழிபாடு முடிந்ததும் கதவைத் திறந்துவிட்டேன்.
அவரவர் சுமந்து வந்ததை அவரவரே எடுத்துப் போங்கள்.
வாங்கின காசைத் திருப்பணுமா, என்றாள் தார்ச்சிங்கி.
வேண்டாம், மண் சரிந்த இடமாகப் பார்த்து நடுங்கள்.
நடுகிற கூலி?
நியாயமான கேள்வி.
உத்தரவில் அதற்கு வரி இல்லை.
வீட்டில் இருந்த அரை மூட்டை அரிசியை
டம்ளரால் அளந்து கொடுத்தேன்.
கடைசியாக வந்தவளுக்கு அரிசி இல்லை.
முளை உடையாமல்
குழந்தையைப் போல் மாரோடு அணைத்துக்கொண்டு
அவளும்தான் போனாள்.

அக்டோபரில் தணிக்கை அதிகாரி வந்தார்.
வரவு நானூற்றுப் பன்னிரண்டு, இருப்பு சுழியம்.
எலி தின்றிருக்குமே, என்று அவரே வழிகாட்டினார்.
நல்ல மனிதர். நடந்து வந்ததில் முழங்கால் வலி வேறு.
இல்லை, வாருங்கள், காட்டுகிறேன் என்று
ஜன்னலுக்குக் கூட்டிப்போனேன்.
எதிர்ச் சரிவில்தான் எல்லாம் நிற்கிறது,
இடுப்பளவுக்கு.

மேகம் இறங்கியிருந்தது.
சரிவும் இல்லை, சாலையும் இல்லை.
அரை மணி நேரம் நின்றோம்.
அவர் தேநீரில் ஆடை படிந்தது.
கடைசி வண்டிக்கு நேரமாகிறது என்றார்.

பதிவேட்டில் எழுதினேன்: எலி.

மை காயும்வரை பக்கம் புரளாதிருக்க
உலர்ந்துபோன காய் ஒன்றை
அதன்மேல் வைத்தேன்.